மூங்கிலும் மூச்சும்

என் தகப்பனார் நெல் அரவை மில் ஒன்றில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். ஆடுதுறைப் பக்கத்தில் முப்பது வருஷ காலம் உமித் தூசிக்கும் தவிட்டுத் தூசிக்கும் நடுவில் உட்கார்ந்து மூட்டைக் கணக்கு எழுதினார். மில்லில் மாதச் சம்பளம் கொடுத்தார்கள். தூசி இழுப்பு நோயைக் கொடுத்தது. சம்பளம் அந்தந்த மாதமே செலவழிந்துவிட்டது. இழுப்பு மட்டும் கடைசி வரையில் கூடவே இருந்தது.

2003ஆம் வருஷம் மார்கழியில் பனி அவரை மிகவும் வாட்டிவிட்டது. தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் சேர்த்து வைத்திருந்தோம். படுத்தால் மூச்சு முட்டும். ஆகையால் இரவு முழுவதும் முதுகுக்குத் தலையணைகளை அண்டக் கொடுத்து உட்கார்ந்தே இருப்பார். இழுப்பு நோய்க்காரனுக்கு இரவு என்பது எத்தனை நீளம் என்று பக்கத்தில் விழித்திருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, “தம்பி, வீட்டுக்குப் போனா டேப் ரிகார்டரை எடுத்துக்கிட்டு வா. மாலியையும் அழைச்சுக்கிட்டு வா” என்றார். மாலி எங்கள் உறவுக்காரரோ என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருக்கக் கூடும். புல்லாங்குழல் வித்வான் டி. ஆர். மகாலிங்கத்தைத்தான் அவர் சொன்னார். அவர் வாசித்த கச்சேரி ஒன்றை ரேடியோவிலிருந்து என் தகப்பனார் எப்போதோ பதிவு செய்து வைத்திருந்தார். பதிவு செய்கிற முறை ரொம்ப எளிது. ரேடியோவுக்கு எதிரே டேப் ரிகார்டரை வைத்துப் பொத்தானை அமுக்கிவிட்டு, வீட்டில் எல்லாரையும் வாயை மூடச் சொல்லிவிட்டு உட்கார வேண்டியது. எங்கள் வாயை மூடியவர் தம் இருமலை மூட முடியவில்லை. ஸஹானா ஆலாபனையின் நடுவில் அவருடைய இருமல் ஒன்று கணீரென்று பதிவாகியிருந்தது.

ஆஸ்பத்திரியில் அந்த இடம் வந்ததும் சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று. இருமி முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: “அந்த மனுஷன் எங்கே மூச்சு வாங்கறார்னு கண்டுபிடி பார்ப்போம்!”

எவ்வளவோ தடவை கேட்டிருந்த ஒலிநாடாதான். அன்றைக்குத்தான் அதை மூச்சாகக் கேட்டேன். மூச்சு அகப்படாத ஒருவர், மூச்சையே சங்கீதமாக்கிய ஒருவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இதில் அவருக்கு என்ன ஆறுதல் இருக்க முடியும்? பசித்தவன் விருந்து நடக்கும் வீட்டு வாசலில் நிற்பது போன்ற காரியம் அல்லவா இது? அப்போது எழுந்த கேள்விக்கு விடை தேடித்தான் குழலின் கதையையும், அதை ஊதியவர்களின் கதையையும் நான் படிக்கலானேன்.

*

தமிழனுக்குக் குழல் புதிது அல்ல. பெரும்பாணாற்றுப்படையில் ஓர் இடையன் வருகிறான். தீக்கடைகோலால் மூங்கிலில் துளையிட்டுக் குழல் செய்து பாலைப் பண் வாசிக்கிறான். வாசித்து வாசித்து அதில் சலிப்பு ஏற்பட்டுவிடுகிறது. குழலைக் கீழே வைத்துவிட்டு, குமிழ மரக் கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி, யாழ் ஒன்று செய்துகொண்டு குறிஞ்சிப் பண்ணை ஆரம்பிக்கிறான். கடியலூர் உருத்திரங்கண்ணனார் இந்த இடையனின் பெயரைச் சொல்லவில்லை. நம் இலக்கியத்தில் தம் வாசிப்பிலேயே திருப்தியடையாத முதல் குழல் வித்வான் இவன்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. இவனை வாசகர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இவனுக்கு வேலை இருக்கிறது.

சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் கொன்றைக் குழல், ஆம்பற் குழல், முல்லைக் குழல் என்று மூன்றைக் குறிப்பிடுகிறார்கள். மாதவியின் அரங்கேற்றத்திலோ குழலாசிரியனுக்கு என்னென்ன இலக்கணம் வேண்டும் என்பதையே இளங்கோவடிகள் தனியாக வகுத்துச் சொல்கிறார். காட்டில் மாடு மேய்த்த குழல் அதற்குள் நகரத்து அரங்குக்கு வந்து, வாத்தியார் வைத்துக் கற்கிற வித்தையாகவும் ஆகிவிட்டது.

ஆனால் குழலும் ஆறுதலும் சேர்ந்து வருகிற இடத்தைப் பார்க்க வேண்டுமானால் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழாரிடம் போக வேண்டும். மழநாட்டு மங்கலத்தில் பசு மேய்த்த ஆனாய நாயனார், கார்காலத்தில் பூத்து நின்ற கொன்றை மரத்தடியில் ஐந்தெழுத்தைக் குழலில் வைத்து வாசிக்கிறார். சேக்கிழார் முதலில் குழல் செய்த விதத்தையே நிதானமாகச் சொல்கிறார். மூங்கிலை எங்கே அரிவது, துளைகளை எந்த அளவில் இடுவது என்பதெல்லாம் வருகிறது. பிறகு கேட்டவர்களின் ஜாபிதா. பசுக்கள் அசை போடுவதை மறந்தன. கன்றுகள் மடியை விட்டுவிட்டு நின்றன. பாம்பு மயங்கி மயிலின் மேலேயே விழுந்தது. சிங்கமும் யானையும் சேர்ந்து வந்தன. புலியின் வாய்க்குப் பக்கத்தில் மான் நின்றது.

இந்த ஜாபிதாவை அற்புதம் என்று தள்ளிவிடலாம். நான் அப்படித் தள்ளவில்லை. இதில் வருத்துகிறவனும் வருந்துகிறவனும் ஒரே சமயத்தில் தம் தொழிலை நிறுத்துகிறார்கள் என்பதைத்தான் கவனித்தேன். பாம்புக்கு விஷம் போய்விட்டது என்று சேக்கிழார் சொல்லவில்லை. சிங்கத்தின் நகம் உதிர்ந்துவிடவில்லை. வாசிப்பு நடக்கிற வரையில் எல்லாம் நின்றன, அவ்வளவுதான். நோயாளிக்கு அந்த ‘அவ்வளவுதான்’ எத்தனை பெரிது!

*

இத்தனை பழம்பெருமை இருந்தும் குழலுக்குக் கச்சேரி மேடையில் நடு ஆசனம் கிடைக்க வெகு காலமாயிற்று. வாய்ப்பாட்டுக்கு இருந்தது, வீணைக்கு இருந்தது, கோயில் வாசலில் நாகஸ்வரம் கொடிகட்டிப் பறந்தது. குழலோ சதிருக்கும் பஜனைக்கும் பக்கத்துணையாய் இருந்தது. துளைக்கு ஒரு ஸ்வரம் என்று ஊதினால் மெட்டு வரும். கர்நாடக சங்கீதத்தின் உயிரான கமகம் வரவேண்டாமா? ஸ்வரம் அசைய வேண்டும், வழுக்க வேண்டும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சாய வேண்டும். ஓட்டை போட்ட மூங்கிலில் அது எப்படி நடக்கும் என்று பெரியவர்களே சந்தேகப்பட்டிருக்க நியாயம் உண்டு.

சந்தேகத்தைத் தீர்த்தவர் கும்பகோணத்துச் சரப சாஸ்திரிகள். 1872இல் பிறந்தவர். மிகச் சிறு பிராயத்திலேயே கண் பார்வை போய்விட்டது. பார்வையில்லாத ஒரு பையன், தனிக் கச்சேரி வாத்தியமாக யாரும் மதிக்காத ஒரு கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு, அதில் கீர்த்தனைகளையும் ராகத்தையும் முழுசாக வாசிக்க வழி கண்டான் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. கொஞ்சம் யோசித்தால் அந்த வியப்புக்குள்ளேயே ஒரு நியாயமும் தெரிகிறது. புல்லாங்குழலில் கண்ணுக்கு வேலை இல்லை. ஊதுகிற துளை ஒன்று, விரல் வைக்கிற துளை எட்டு. துளையை முழுதும் மூடுவதா, பாதி மூடுவதா, நெல் முனையளவு திறப்பதா, உதட்டை உள்ளே திருப்புவதா, வெளியே திருப்புவதா என்பதெல்லாம் தோலுக்கும் காதுக்கும் இடையே தீர்மானமாக வேண்டிய விஷயம். பார்வையுள்ளவர்கள் ‘வராது’ என்று விட்டுவிட்டதை, பார்வையில்லாதவர் தொட்டுத் தொட்டுத் தேடி எடுத்துவிட்டார்.

அவர் குழலோடு நிற்கவில்லை. ஹரிகதைக் கலையில் தோய்ந்தவர். பிற்காலத்தில் பெரும் பெயர் பெற்ற மாங்குடி சிதம்பர பாகவதருக்கு அதில் வழிகாட்டியவரும் அவரே. ஆனால் ஆயுள்தான் கிடைக்கவில்லை. 1904இல், முப்பத்திரண்டாவது வயதில் மறைந்துவிட்டார். இசைத் தட்டுப் பதிவு நம் தேசத்தில் 1902இல் கல்கத்தாவில் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. கும்பகோணத்துக்கு அது வந்து சேருமுன் அவர் போய்விட்டார். அவர் வாசித்ததில் ஒரு மூச்சுகூட நமக்கு மிஞ்சவில்லை.

மிஞ்சியது சிஷ்ய பரம்பரை. அவரிடம் கற்ற பல்லடம் சஞ்சீவ ராவ் 1882இல் பிறந்து 1962 வரை, எண்பது வருஷம் வாழ்ந்தார். குருவுக்குக் கிடைக்காத ஆயுளைச் சிஷ்யர் அனுபவித்துக் குழலைச் சபைகளின் நடு ஆசனத்தில் அமர்த்தினார் என்று சொல்ல வேண்டும். 1943இல் சென்னை சங்கீத வித்வத் சபையின் சங்கீத கலாநிதி ஆனார். அவருடைய இசைத் தட்டுகளை இன்றும் கேட்கலாம். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல் ஓடுகிற தட்டு. அதற்குள் கீர்த்தனையும் முடிய வேண்டும், ஸ்வரமும் பொழிய வேண்டும். தாளத்தோடு தத்தித் தத்தி ஓடுகிற துரிதமும், முத்து முத்தாய்த் தெறிக்கிற ஸ்வரங்களும் அந்த வழியின் அழகு.

அந்த வழி அப்படி அமைந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்திருக்கும் என்பது என் ஊகம். ஒலிபெருக்கி வராத காலம். கல்யாணப் பந்தலிலும் கோயில் மண்டபத்திலும் கடைசி வரிசைக்காரன் காதில் விழ வேண்டுமானால் குழல் உரத்துப் பேச வேண்டும். இரகசியம் பேச முடியாது. மெல்லிய மூச்சில், கீழ் ஸ்தாயியில், இழைத்து இழைத்து வாசித்தால் மூன்றாவது வரிசை தாண்டாது. பின்னால் மைக் வந்தது. 1938இல் சென்னையிலும் 1939இல் திருச்சியிலும் ரேடியோ நிலையங்கள் வந்தன. குழலின் இரகசியப் பேச்சு முதல் தடவையாக நூறு மைல் தாண்டிப் போகலாம் என்று ஆயிற்று. அந்த இரகசியத்தைப் பேசத் தெரிந்த பையன் அதற்குள் பிறந்து வளர்ந்துகொண்டிருந்தான்.

*

திருவிடைமருதூர் எங்கள் ஊருக்குக் கூப்பிடு தூரம். தைப்பூசத்துக்கு நடந்தே போய் வந்திருக்கிறோம். 1926 நவம்பர் 6ஆம் தேதி மகாலிங்கம் பிறந்தது அங்கேதான். மகாலிங்க சுவாமியின் ஊரில் பிறந்த பிள்ளைக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? சுருக்கிக் கூப்பிட்டு மாலி ஆயிற்று.

மாமா ஜால்ரா கோபாலய்யர் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார். மாலிக்கும் வாய்ப்பாட்டுதான் பாடம். குழலைப் பையன் தானாகவே எடுத்துக்கொண்டான். ஐந்து வயதில் ‘விரிபோணி’ என்ற பைரவி ராக அடதாள வர்ணத்தை அவன் குழலில் ஊதக் கேட்டு மாமா திகைத்துப் போனாராம். அந்த வர்ணம் வளர்ந்த பிள்ளைகளையே தண்ணீர் காட்டுகிற உருப்படி. 1933இல் மயிலாப்பூரில் தியாகராஜர் உத்ஸவத்தில் முதல் கச்சேரி. பிராயம் ஏழு. முசிரி சுப்பிரமணிய அய்யரும் பரூர் சுந்தரமய்யரும் கேட்டுப் பாராட்டினார்கள். அதற்கப்புறம் அந்தப் பிள்ளைக்குக் கோலி விளையாட நேரம் இருந்திருக்குமா என்பது சந்தேகம். மற்றப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போன வயதில் அவன் கச்சேரிக்குப் போனான்.

குழலுக்கு மாலி செய்தது என்ன? விரல் வைக்கிற விதத்தையே மாற்றினார். கிளி மரக்கிளையைப் பற்றுவது போன்ற பிடி என்று அதைச் சொல்வார்கள். விரல் துளையின் மேல் நேராக இறங்காமல் குறுக்கே படிந்து, துளையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கவும் மூடவும் அதனால் முடிந்தது. உதட்டையும் மூச்சையும் அதற்குத் தக்கபடி பழக்கினார். பலன் என்னவென்றால் குழல் பாட ஆரம்பித்தது. ஸ்வரங்கள் தனித்தனியே தெறிப்பதற்குப் பதிலாக, குரல் போலவே குழைந்து ஒன்றோடொன்று இழைந்தன. சாஹித்யத்தின் வார்த்தைகள் எங்கே பிரிகின்றனவோ அங்கே மூச்சும் பிரிந்தது. பாட்டுத் தெரிந்தவர்களுக்கு வார்த்தை காதில் விழுவது போலவே இருந்தது.

இதைவிடப் பெரிய காரியம் ஒன்றும் செய்தார். சங்கீதத்துக்கு நடுவில் மௌனத்தைக் கொண்டுவந்து வைத்தார். ஒரு ஸ்வரத்தைப் பிடித்து, மெலிய விட்டு, நின்றதா நிற்கவில்லையா என்று நாம் காதைத் தீட்டும்போது சும்மா இருப்பார். அந்தச் ‘சும்மா’வில் கேட்பவன் தன்னை அறியாமல் மூச்சை உள்ளே இழுக்கிறான். அடுத்த பிடி வரும்போது விடுகிறான். என் தகப்பனார் விளையாட்டாகக் கேட்ட கேள்விக்கு விடை இதுதான் என்று எனக்குப் பின்னால் பட்டது. மாலி மூச்சு வாங்குகிற இடத்தைக் கண்டுபிடிக்க முடியாததற்குக் காரணம், அந்த இடத்தில் நாமும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

பாலக்காடு மணி அய்யர் மிருதங்கமும் சௌடய்யா பிடிலுமாகப் பெரிய பக்கவாத்தியங்களோடு மாலியின் கச்சேரிகள் நடந்த காலத்தை அறிந்தவர்கள், அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஆனால் அந்தப் பேச்சு எப்போதும் ஒரு பெருமூச்சில் போய் முடியும். ‘வந்தால்தான் கச்சேரி’ என்பது அவரைப் பற்றிய பழமொழி ஆகிவிட்டது. வராமலே இருந்ததும் உண்டு. வந்து கொஞ்சம் வாசித்துவிட்டு எழுந்துவிட்டதும் உண்டு. மனம் வைத்துவிட்டால் நேரம் போவது தெரியாமல் வாசித்துத் தள்ளியதும் உண்டு. மதுவின் பிடியும் இருந்தது என்பதை அவரை நேசித்தவர்களே மறைத்ததில்லை. இடையிடையே மேடையைவிட்டே விலகியிருந்தார். பெங்களூருக்குக் குடிபோனார். பிற்காலத்தில் சில ஆண்டுகள் அமெரிக்காவில் இருந்தார். திரும்பி வந்து 1986 மே 31ஆம் தேதி, அறுபது வயது நிரம்புமுன்பே, காலமானார்.

சங்கீத கலாநிதி பட்டம் அவரிடம் வரவில்லை. 1996இல் அவருடைய சீடர் என். ரமணியிடம் வந்தது. ரமணியும் டி. எஸ். சங்கரனும் இன்னும் சிலரும் அவர் வழியைப் பிடித்துக்கொண்டார்கள். திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளை, அவரிடம் கற்று அமெரிக்காவில் பல ஆண்டுகள் சொல்லிக்கொடுத்த டி. விசுவநாதன், பெண்களில் சிக்கில் குஞ்சுமணி, நீலா சகோதரிகள் என்று குழலுக்கு வேறு நல்ல கிளைகளும் உண்டு. குழல் வம்சத்துக்குக் குறைவு வரவில்லை.

ஆனால் ஏழு வயதில் மேடையேறிய அந்தப் பிள்ளையின் மனசில் என்ன குறை இருந்தது என்பதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. பலர் பல காரணம் சொல்கிறார்கள். மேதைகளின் குணம் என்பார்கள் சிலர். குணக்கேடு என்பார்கள் சிலர். எனக்குப் பெரும்பாணாற்றுப்படை இடையன்தான் ஞாபகம் வருகிறான். தான் செய்த குழலில் தானே வாசித்து, தானே சலித்து, அதைக் கீழே வைத்துவிட்டு எழுந்தவன். மற்றவர்கள் காதுக்கு அமுதமாக இருந்தது அவன் காதுக்கு ஏன் போதவில்லை என்று அந்தப் புலவரும் சொல்லவில்லை.

*

இனி என் கேள்விக்கு வருகிறேன். தனக்கே நிம்மதி கிட்டாத ஒருவர் பிறருக்கு நிம்மதி கொடுக்க முடியுமா? அப்படிக் கொடுத்தது என்னதான்?

சங்கீதம் நோயைத் தீர்க்கும் என்று சொல்லுகிற சம்பிரதாயம் நம்மிடம் உண்டு. முத்துஸ்வாமி தீட்சிதரின் சிஷ்யர் தம்பியப்பனுக்குத் தீராத வயிற்றுவலி. ஜாதகத்தில் குரு சரியில்லை என்று கண்டார்கள். மந்திரம் ஜபிக்கலாம், ஆனால் தம்பியப்பனுக்கு அந்த மந்திரத்தைச் சொல்ல அந்தக் காலத்துச் சாதிக் கட்டு இடம் கொடுக்கவில்லை. ஆகவே தீட்சிதர் அடாணா ராகத்தில் ‘ப்ருஹஸ்பதே’ என்று ஒரு கிருதியே செய்து, அதைப் பாடும்படி சொல்லிக் கொடுத்தார், வலி தீர்ந்தது, நவக்கிரக கிருதிகளுக்கு ஆரம்பம் அதுதான் என்று கர்ண பரம்பரையாகச் சொல்லுகிறார்கள்.

இந்தக் கதையைக் கேட்டவர்கள் அடாணாவைப் பிடித்துக்கொண்டார்கள். இன்ன ராகம் இன்ன வியாதிக்கு என்று பட்டியல் எழுதி விற்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். நான் கதையின் வேறு பக்கத்தைப் பார்க்கிறேன். மகா வித்வான் ஒருவர், மத்தளம் வாசிக்கிற ஒரு சிஷ்யனின் வயிற்றுவலியைத் தம் வலியாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்து யோசித்திருக்கிறார். சாஸ்திரம் மூடிய கதவுக்குப் பக்கத்தில் சங்கீதத்தால் ஒரு ஜன்னல் திறந்திருக்கிறார். ‘உனக்காக ஒருத்தன் விழித்திருக்கிறேன்’ என்று சிஷ்யனுக்குத் தெரியப்படுத்தியிருக்கிறார். கிரகத்தைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை. அந்த விழித்திருத்தலில் எனக்கு நம்பிக்கை உண்டு.

ஆஸ்பத்திரிக்குத் திரும்புவோம். என் தகப்பனாரின் மூச்சை மாலி சரிப்படுத்தவில்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். டாக்டரின் ஊசியும், மூக்கில் மாட்டிய பிராணவாயுக் குழாயும்தான் சரிப்படுத்தின. ஊசி போட வேண்டிய நேரத்தில் ஸஹானா வைத்திருந்தால் என் தகப்பனாரே என்னை மன்னித்திருக்க மாட்டார். கணக்குப்பிள்ளை அல்லவா? எது வரவு, எது செலவு என்று அவருக்குத் தெரியும். ஆனால் ஊசி போட்டபின் அது வேலை செய்கிற வரையில் அரை மணியோ ஒரு மணியோ இருக்கிறதே, அந்த நேரத்தை எதன் மேல் சாய்ந்துகொண்டு கடப்பது? அப்போதுதான் “வை, தம்பி” என்பார்.

துரிதமான ஸ்வரங்கள் வந்தால் கையை ஆட்டி நிறுத்தச் சொல்வார். “ஓட முடியலே” என்பார். ஆலாபனையைத் திருப்பித் திருப்பிக் கேட்பார். ஒலிநாடாவை நான் பின்னுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிற கன்றுக்குட்டி போல இருந்த அவருடைய மூச்சு, குழலின் நடைக்கு வந்து சேர முயற்சி பண்ணும். சில சமயம் சேரும். பல சமயம் சேராது. சேராவிட்டாலும் அவர் முகத்தில் இருந்த பயம் கொஞ்சம் குறைந்திருக்கும். இழுப்பு நோய்க்காரனை அதிகமாகப் படுத்துவது மூச்சுத் திணறலா, அந்தப் பயமா என்று எனக்குச் சந்தேகம்.

அடுத்த கட்டிலில் பட்டுக்கோட்டைப் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்தார். ராத்திரியில் சத்தம் கூடாது என்று நர்ஸம்மா ஒருநாள் கண்டித்துவிட்டுப் போனபோது நான் டேப் ரிகார்டரை நிறுத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் இருட்டிலிருந்து பேசினார்:

“ஐயா, தூங்கிட்டீங்களா?”

“இல்லீங்க” என்றார் என் தகப்பனார்.

“அந்தக் குழலை மெல்ல வைக்கச் சொல்லுங்க. எனக்கு ராகம் தாளமெல்லாம் தெரியாதுங்க. ராத்திரி வண்டி ஓட்டிக்கிட்டுப் போறப்போ பக்கத்திலே கிளீனர் பையன் தூங்காம உட்கார்ந்திருந்தா எப்படி இருக்கும்? அந்த மாதிரி இருக்கு.”

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இதைவிட நல்ல விளக்கம் இல்லை. கிளீனர் பையன் வண்டியை ஓட்டுவதில்லை. பாதையைக் குறுக்குவதில்லை. அவனுக்கும் தூக்கம் வருகிறது. வீட்டு ஞாபகம் வருகிறது. ஒருவேளை ஓட்டுகிறவரைவிட அதிகக் கவலை அவனுக்கு இருக்கலாம். பக்கத்தில் விழித்திருக்கிறான், அவ்வளவுதான். அது போதும், வண்டி விடியலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

நிம்மதியில்லாதவர் எப்படி நிம்மதி கொடுக்கலாம் என்ற என் கேள்வியே தப்பு என்று அன்று இரவு தோன்றிற்று. தூங்க முடிந்தவன் துணைக்கு உதவ மாட்டான். தூங்க முடியாதவன்தான் விழித்திருப்பான். கண்ணில்லாத சரப சாஸ்திரிகள் இருட்டை அறிந்தவர். அமைதியில்லாத மாலி மௌனத்தின் விலையை அறிந்தவர். சௌக்கியமாக இருந்தவர்கள் ஊதியிருந்தாலும் மூங்கில் ஒலித்திருக்கும். நடுராத்திரியில் ஒரு கணக்குப்பிள்ளைக்கும் ஒரு லாரி டிரைவருக்கும் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்குமா என்பது எனக்கு நிச்சயமில்லை.

பதினோராம் நாள் தகப்பனாரை வீட்டுக்கு அழைத்து வந்தோம். மேலும் இரண்டு பனிக்காலங்களைப் பார்த்துவிட்டுத்தான் போனார். டிரைவர் அதற்கு முன்பே கோலூன்றி நடந்து போய்விட்டார். போகும்போது, “வரட்டுங்களா ஐயா? குழல்காரர்கிட்டேயும் சொல்லுங்க” என்றார். மாலி இறந்து பதினேழு வருஷம் ஆகிறது என்று நாங்கள் அவருக்குச் சொல்லவில்லை.

அந்த ஒலிநாடா இன்னும் என்னிடம் இருக்கிறது. ஓட்டுவதற்கு யந்திரம் இல்லை. கேட்க வேண்டுமென்றால் கைப்பேசியில் விரலால் தொட்டாலே போதும், மாலியின் கச்சேரிகள் எத்தனையோ வருகின்றன. கரகரப்பு நீக்கி, சுத்தம் செய்து, தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். ஸஹானாவும் கிடைக்கிறது. தூக்கம் வராத இரவுகளில் கேட்கிறேன். ஆலாபனையின் நடுவில் அந்த இடம் நெருங்கும்போது இப்போதும் காது தானாகக் கூர்மையாகிறது. இருமல் மட்டும் வருவதில்லை.